ஜவ்வாது மலை முதல் கண் மருத்துவமனை வரை: எந்தக் கண் நோய் காத்திருக்கும், எது காத்திருக்காது?

அல்லாஹ் நமக்கு அளித்த அருட்கொடைகளில் பார்வைக்கு ஈடாகச் சொல்ல அதிகம் இல்லை. இருக்கும்வரை அதன் அருமை தெரிவதில்லை. மங்கத் தொடங்கிய பிறகும், "வயசானா இப்படித்தான்", "பிள்ளை வளர்ந்தா சரியாகிவிடும்", "நோன்பு முடியட்டும், பார்க்கலாம்" என்று நாள்களைக் கடத்துகிறோம். சில கண் நோய்கள் அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும். சில நோய்கள் பொறுக்காது, போன பார்வை திரும்பி வராது. இந்த வேறுபாட்டை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இதற்கு ஜவ்வாது மலையை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்திருக்கும் இந்த மலையில் பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். சாமை, புளி, தேன், பலா ஆகியவை அவர்களது வாழ்வாதாரம். மலையடிவாரத்திலும் அதைச் சுற்றியும் ஆலங்காயம், வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர் என நம் சமுதாயக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் ஊர்கள் இருக்கின்றன. இதே மலையில் காவலூரில் 2.3 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி வானத்தின் தொலைதூர நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அதே மலையின் உள்கிராமத்தில் இருக்கும் ஒரு மூதாட்டிக்குக் கண்புரை வந்தால், கண் மருத்துவரைப் பார்க்க ஜமுனாமரத்தூர் வந்து, பேருந்து மாறி, மலை இறங்க வேண்டும். அவரை அழைத்துவர ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ஒரு நாள் கூலி போகும். தொலைவும் செலவும் தாமதமும் ஒன்று சேரும் இடத்தில்தான் பார்வை பறிபோகிறது. அடிவார ஊர்களில் இருக்கும் நமக்கு அந்தத் தொலைவு இல்லை. ஆனால் தாமதம் நம்மிடமும் இருக்கிறது.

காத்திருக்காதவை: குழந்தைகளின் கண்

பிறந்த குழந்தைக்குக் கண் இருக்கிறது, ஆனால் பார்க்க இன்னும் தெரியாது. பார்ப்பதை மூளைதான் கற்றுக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய 7, 8 வயதுக்குள் அந்தப் பாடம் முடிந்துவிடுகிறது. அதற்குள் ஒரு கண்ணிலிருந்து தெளிவான காட்சி மூளைக்குப் போகவில்லை என்றால், மூளை அந்தக் கண்ணைக் கைவிட்டுவிடும். இதைச் 'சோம்பேறிக் கண்' என்கிறார்கள். பிறகு எவ்வளவு நல்ல கண்ணாடி போட்டாலும் அந்தக் கண்ணின் முழுப் பார்வையைப் பெறுவது கடினம். ஆகவே குழந்தை விஷயத்தில் கீழ்க்காணும் அறிகுறிகள் தெரிந்தால் நாள் கடத்தக் கூடாது.

கண்ணின் கருமணி வெண்மையாகத் தெரிவது: செல்போனில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றொன்று வெள்ளையாகவும் தெரிந்தால் அந்த வாரமே கண் மருத்துவரிடம் போக வேண்டும். அது பிறவிக் கண்புரையாக இருக்கலாம். ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வருவது. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் உயிரைக் காப்பாற்றலாம், பல நேரம் கண்ணையும் காப்பாற்றலாம். தாமதித்தால் அது மூளைக்குப் பரவும்.

பிறவிக் கண்புரை: பெரியவர்களுக்கு மட்டும்தான் கண்புரை வரும் என்று நினைப்பவர்கள் அதிகம். குழந்தை புரையோடு பிறப்பதும் உண்டு. கருவுற்ற காலத்தில் தாய்க்கு ரூபெல்லா அம்மை வருவது அதற்கு ஒரு காரணம். பார்வையை மறைக்கும் அளவுக்குப் புரை இருந்தால் முதல் 2 மாதங்களுக்குள்ளேயே அறுவை சிகிச்சை செய்வது நல்லது. அறுவை முடிந்ததோடு வேலை முடிவதில்லை. கண்ணாடி, தொடர் பரிசோதனை, தேவைப்பட்டால் நல்ல கண்ணை மூடி வைத்துப் பலவீனமான கண்ணுக்குப் பயிற்சி என்று சில ஆண்டுகள் பெற்றோர் பொறுமையாகத் தொடர வேண்டும். 2017-ல் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது பல வதந்திகள் பரவின, சில பெற்றோர் பின்வாங்கினார்கள். அந்த ஊசி அடுத்த தலைமுறையின் கண்ணையும் காக்கிறது என்பதை நம் பெண்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

குறைமாதக் குழந்தை: 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2 கிலோவுக்குக் குறைவான எடையில் பிறந்த குழந்தைக்கும் விழித்திரையின் இரத்தக் குழாய்கள் முழுமையாக வளர்ந்திருக்காது. பிறந்த 30 நாள்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்பே செய்ய வேண்டும். பாதிப்பு தெரிந்தால் லேசர் போன்ற சிகிச்சையால் தடுக்கலாம். சில வாரங்கள் தவறினால் பார்வையே போய்விடக்கூடும். இன்குபேட்டரில் இருந்து பிழைத்து வந்த மகிழ்ச்சியில் பல குடும்பங்கள் மறந்துவிடும் பரிசோதனை இது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும் முன்பே, "கண் பரிசோதனை எந்தத் தேதி?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாறுகண்: பிறந்த முதல் சில மாதங்களில் கண் எப்போதாவது விலகித் தெரியலாம். 6 மாதத்துக்குப் பிறகும் விலகினால் அது நோய். மாறுகண் அதிர்ஷ்டம் என்று நம் ஊர்களில் சொல்லும் வழக்கம் உண்டு. அதிர்ஷ்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கண்ணாடியாலோ பயிற்சியாலோ அறுவை சிகிச்சையாலோ சரிசெய்யக்கூடிய குறைபாடு அது. அதை அப்படியே விட்டால் விலகிய கண் சோம்பேறிக் கண் ஆகிவிடும்.

பார்வைக் குறைபாடு: தூரத்திலிருப்பது தெரியவில்லை என்று குழந்தை தானாகச் சொல்லாது. எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும். இதை முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர் மக்தப் உஸ்தாதாக இருக்கலாம். யஸ்ஸர்னல் குர்ஆனை முகத்துக்கு மிக அருகில் பிடிக்கும் பிள்ளை, கண்ணைச் சுருக்கிப் பலகையைப் பார்க்கும் பிள்ளை, தலையைச் சாய்த்து ஓதும் பிள்ளை, எழுத்தை மாற்றி மாற்றிப் படிக்கும் பிள்ளை ஆகியோரை அடிப்பதற்கும் திட்டுவதற்கும் முன், கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லி அத்தாவிடம் தெரிவிப்பது உஸ்தாதின் பெரிய உதவியாக இருக்கும். பெண் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் கல்யாணத்துக்குத் தடை என்று மறைக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். நாளொன்றுக்கு 2 மணி நேரமாவது வெளியில் விளையாடுவது கிட்டப்பார்வை வருவதைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

வைட்டமின் ஏ: மாலைக்கண், கருவிழி வறட்சி ஆகியவை இதன் குறைவால் வருபவை. அரசு 9 மாதத்தில் தடுப்பூசியுடன் முதல் தவணையும், பிறகு 5 வயது வரை 6 மாதத்துக்கு ஒருமுறையும் வைட்டமின் ஏ திரவத்தை இலவசமாகத் தருகிறது. முருங்கைக் கீரை, பப்பாளி, மஞ்சள் பூசணி, முட்டை, ஈரல் ஆகியவற்றை வீட்டிலேயே கொடுக்கலாம்.

காத்திருக்காதவை: பெரியவர்களின் கண்

கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா): பெரும்பாலும் வலி இருக்காது, சிவக்காது. பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி வரும். நேர்ப் பார்வை கடைசி வரை இருப்பதால் நோயாளிக்கே தெரியாது. கண் நரம்பில் போனது போனதுதான். மருந்தும் அறுவையும் மீதியைக் காக்கும், அவ்வளவே. அத்தாவுக்கோ அம்மாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இந்த நோய் இருந்தால் 40 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் கண் அழுத்தம் பார்க்க வேண்டும்.

சர்க்கரை நோய் விழித்திரைப் பாதிப்பு: நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு. பார்வை நன்றாக இருக்கிறது என்பதால் விழித்திரை நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. சர்க்கரை இருப்பது தெரிந்த அன்றே ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, சொட்டு மருந்து போட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும். லேசரும் கண்ணுக்குள் போடும் ஊசியும் இருக்கும் பார்வையைக் காக்கும். இழந்ததை முழுவதும் மீட்காது.

கருவிழிப் புண்: நெல், சாமை அடிக்கும்போது உமி பட்டாலோ, முள் கீறினாலோ சிறு காயம் ஏற்படும். அதில் பூஞ்சையோ பாக்டீரியாவோ புகுந்தால் சில நாள்களில் கருவிழி வெள்ளையாகிவிடும். காயம் பட்ட அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் தடுப்பு மருந்தோடு முடிந்துவிடும். தாய்ப்பால், இலைச்சாறு, நாக்கால் துடைப்பது போன்ற கைவைத்தியம் புண்ணைப் பெரிதாக்கும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து இன்னும் ஆபத்து. சிவப்பு உடனே குறையும், உள்ளே பூஞ்சை வளரும். நெடுநாள் போட்டால் கண்புரையும் கண் அழுத்தமும் வரும்.

சுண்ணாம்பும் ரசாயனமும்: தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் புழங்கும் ஊர்கள் நம்முடையவை. வீட்டில் வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தை அழுத்திக் கண்ணில் தெறிப்பதும் நடக்கிறது. சுண்ணாம்பு விழுந்தால் முதல் மருந்து தண்ணீர்தான். எந்த மருத்துவரையும் தேடும் முன், சுத்தமான நீரால் குறைந்தது 15 முதல் 30 நிமிடம் இமையைத் திறந்துவைத்துக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு 108-ஐ அழையுங்கள்.

திடீரென மின்னல் போன்ற ஒளி, கரும்புள்ளிகள் மழைபோல் கொட்டுவது, திரை இறங்குவதுபோல் இருப்பது ஆகியவை விழித்திரை கழன்றுவருவதன் அறிகுறிகள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காத்திருக்கும், ஆனால் காக்க வைக்கத் தேவையில்லாதது: கண்புரை

2015-19 தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களின் பார்வையின்மையில் 66.2 சதவீதத்துக்குக் காரணம் கண்புரைதான். இது நல்ல செய்தியும்கூட. ஏனெனில் அறுவை சிகிச்சையால் பார்வையைத் திரும்பப் பெற முடிகிற நோய் இது. பெரும்பாலும் கண்ணைச் சுற்றி மட்டும் மரக்கச் செய்து, மங்கிய லென்ஸை அகற்றிவிட்டுச் செயற்கை லென்ஸைப் பொருத்துகிறார்கள். சிறிய துளையில் தையலின்றிச் செய்யும் முறையும், ஒலி அலையால் கரைத்து எடுக்கும் பேகோ முறையும் நடைமுறையில் உள்ளன. "புரை பழுக்கட்டும்" என்பது லென்ஸ் வைக்கும் வசதி இல்லாத காலத்துப் பேச்சு. இன்று அன்றாட வேலைக்கும் ஓதுவதற்கும் நடமாட்டத்துக்கும் சிரமம் வந்ததுமே செய்துகொள்ளலாம். மிக முற்றவிட்டால் புரையே கண் அழுத்தத்தை உண்டாக்கி, காத்திருக்கும் நோயைக் காத்திருக்காத நோயாக மாற்றிவிடும். நன்னிமா சுவரைத் தடவிக்கொண்டு ஒளூவுக்குப் போகிறார் என்றால், அது முதுமை என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது.

நம் மண்ணில் கண் மருத்துவம்

தமிழ்நாட்டுக்கு இந்தத் துறையில் நீண்ட வரலாறு உண்டு. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கப்பட்டது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று அது. வேலூரில் 1902-ல் டாக்டர் ஐடா ஸ்கடர் தொடங்கிய மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை, இன்று சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனையாக இயங்குகிறது. மருத்துவமனைக்கு வர முடியாதவர்களிடம் மருத்துவமனையே போக வேண்டும் என்று, 1940-களின் பிற்பகுதியில் டாக்டர் விக்டர் ராம்போ வேலூரைச் சுற்றிய கிராமங்களில் கண் முகாம்களை நடத்தினார். 1976-ல் அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, மூட்டு வாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் அறுவை செய்தவர், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-ல் அதன் ஆரோலேப் செயற்கை லென்ஸைக் குறைந்த விலையில் தயாரிக்கத் தொடங்கிய பிறகே ஏழைக்கும் லென்ஸ் எட்டியது. 1978-ல் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் சென்னையில் சங்கர நேத்ராலயாவை நிறுவினார்.

இதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே முஸ்லிம் மருத்துவர்கள் இத்துறையில் முன்னோடிகளாக இருந்தார்கள். பக்தாதின் அலீ இப்னு ஈஸா கண் நோய்களைப் பற்றி மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் பயன்படுத்திய நூலை எழுதினார். அம்மார் அல்-மவ்ஸிலி உள்ளீடற்ற ஊசியால் கண்புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை விவரித்தார். பஸராவில் பிறந்த இப்னு அல்-ஹைதம், பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதால்தான் நாம் பார்க்கிறோம் என்று நிறுவினார். நோய் வந்தால் மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. பார்வை இழந்தும் பொறுமை காத்தவருக்கு மறுமையில் பெரும் நற்கூலி உண்டு என்பதும் உண்மை. ஆனால் சிகிச்சை இருக்கும்போது அதைத் தேடாமல் இருப்பதைப் பொறுமை என்று எண்ணிவிடக் கூடாது.

நம் வீடுகளில் எழும் கேள்விகள்

நோன்பில் சொட்டு மருந்து: ஹனஃபி, ஷாஃபி இரு மத்ஹபுகளின்படியும் கண்ணில் மருந்து இடுவது நோன்பை முறிக்காது. 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும், தொண்டைக்கு வருவதை விழுங்காத வரை நோன்பு முறியாது என்றே முடிவு செய்தது. கண் அழுத்த நோயாளி ரமலான் மாதம் முழுக்க மருந்தை நிறுத்திவிட்டால் அந்த ஒரு மாதமே நரம்புக்குப் பாதிப்பாகலாம். ஐயம் இருந்தால் உங்கள் ஹஜ்ரத்திடம் கேளுங்கள், மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள்.

அறுவைக்குப் பின் தொழுகை: குனியக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று மருத்துவர் சொன்னால், எத்தனை நாள் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை உட்கார்ந்து சைகையால் தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ஒளூ விஷயத்தில் என்ன செய்வது என்பதை அறுவைக்கு முன்பே ஆலிமிடம் கேட்டுவைத்துக்கொண்டால் பெரியவர்கள் குழம்ப மாட்டார்கள். இதற்காகவே அறுவையைத் தள்ளிப்போடுபவர்கள் இருக்கிறார்கள்.

சுர்மா: இஸ்மித் இடுவது சுன்னத். ஆனால் கடையில் சுர்மா என்ற பெயரில் விற்பதெல்லாம் இஸ்மித் அல்ல. அவற்றில் பல ஈயத் தாதுவால் செய்யப்படுகின்றன. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அமெரிக்காவில் இவ்வகைச் சுர்மாவுக்கு அனுமதி இல்லை. பச்சிளம் குழந்தையின் கண்ணில் சுர்மாவோ மையோ இடாதீர்கள். ஒரே குச்சியைப் பலர் பயன்படுத்துவதும் தொற்றைப் பரப்பும்.

சொந்தத்தில் திருமணம்: மார்க்கம் அனுமதித்த ஒன்று. எனினும் குடும்பத்தில் பிறவிப் பார்வைக் குறைபாடோ, இரவில் பார்வை தெரியாமல் போகும் பரம்பரை விழித்திரை நோயோ இருந்தால், நெருங்கிய உறவில் மணம் முடிக்கும்போது அது பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. நிச்சயம் செய்யும் முன் மரபணு ஆலோசனை பெறுவது இரு வீட்டாருக்கும் நல்லது.

எங்கே போவது, செலவுக்கு என்ன வழி?

முதல் படி, அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையம். கண் மருத்துவ உதவியாளர் எந்த நாளில் வருவார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்து அரசு மருத்துவமனைகளும், வேலூர் அடுக்கம்பாறை, திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் இருக்கின்றன. தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் 1976 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் கீழ் கண்புரை அறுவையும் லென்ஸும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். பள்ளி மாணவர்களுக்குக் கண் பரிசோதனையும் இலவசக் கண்ணாடியும் உண்டு. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டக் குழுவினர் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும்போது பிள்ளையை விடுப்பு எடுக்க வைக்காதீர்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பட்டியலிட்ட சிகிச்சைகளுக்குக் கிடைக்கும். அட்டை இல்லாதவர்கள் நோய் வரும்வரை காத்திராமல் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இப்போதே பதிவு செய்யுங்கள். உடல்நல ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.

அறுவைக்குப் போகும்போது சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துச் சீட்டு, பழைய கண்ணாடி, அடையாள அட்டை, துணைக்கு ஓர் ஆள் ஆகியவை அவசியம். அறுவை முடிந்த பின் வலி கூடினாலோ, பார்வை குறைந்தாலோ, சீழ் வந்தாலோ மறுபரிசோதனைத் தேதி வரை காத்திருக்காமல் உடனே திரும்பிப் போக வேண்டும்.

மஹல்லா என்ன செய்யலாம்?

பல ஜமாஅத்கள் பள்ளிவாசல் வளாகத்தில் கண் முகாம் நடத்துகின்றன, அல்ஹம்துலில்லாஹ். அந்த முகாம் இன்னும் பயன் தர மூன்று காரியங்கள் செய்யலாம். ஒன்று, முகாமில் பெரியவர்களின் புரையை மட்டும் பார்க்காமல், மக்தப் பிள்ளைகள் அனைவருக்கும் பார்வைப் பரிசோதனை செய்வது. இரண்டு, அறுவைக்குப் பெயர் கொடுத்தவர்களில் யார் போகவில்லை, ஏன் போகவில்லை என்று ஒரு மாதம் கழித்து வீட்டுக்குப் போய் விசாரிப்பது. பயமா, துணையில்லையா, பேருந்துக் காசில்லையா என்பது அப்போதுதான் தெரியும். மூன்று, அடிவார ஊர்களின் ஜமாஅத்கள் ஸதக்கா நிதியில் ஒரு வண்டி அமர்த்தி, மலைக் கிராமத்து முதியவர்களையும் மருத்துவமனைக்கு அழைத்துவருவது. அண்டை வீட்டார் உரிமை நம் தெருவோடு முடிந்துவிடுவதில்லை.

இந்த வாரம் உங்கள் வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒவ்வொருவரும் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, எதிர்ச் சுவரில் உள்ள நாட்காட்டியை மறு கண்ணால் படிக்கட்டும். பிறகு கண்ணை மாற்றிக்கொள்ளட்டும். ஒரு கண்ணில் மட்டும் மங்கலாகத் தெரிந்தால், அது பிள்ளையாக இருந்தாலும் நன்னாவாக இருந்தாலும், அடுத்த வாரத்துக்குத் தள்ளாமல் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரு கண்ணும் திறந்திருக்கும்வரை தெரியாத குறை அப்போது தெரிந்துவிடும். இன்ஷா அல்லாஹ், பல வீடுகளில் ஒரு கண்ணைக் காப்பாற்ற அது போதுமானதாக இருக்கும்.